மூதூரில் நின்றுவிட்ட ஒரு பெயர்

இலங்கையின் மூதூரில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் முன்னே தகப்பன் பெயரின் முதலெழுத்து, பின்னே சொந்தப் பெயர், அவ்வளவுதான். பரம்பரையாகத் தொடரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஓர் அந்நியக் குடும்பத்தின் பெயர் கல்லில் இருக்கிறது: நொக்ஸ்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. பழுதுபார்க்க, மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 ஏப்ரலில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பித்தான் ரொபர்ட் நொக்ஸையும், அதே பெயர் தாங்கிய 19 வயது மகனையும் சேர்த்துப் பதினாறு பேரைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கப்பித்தான் பிடிபட்ட இடத்தில் நின்ற புளியமரம் 'வெள்ளைக்காரன் மரம்' ஆயிற்று. 1893இல் அங்கே நினைவுக்கல் நட்டார்கள்.

நொக்ஸ் என்பதன் வேர் ஸ்கொட்லாந்தில். 'க்னொக்' என்றால் சிறு குன்று, மேடு. ரென்பிரூ பகுதியில் அந்தப் பெயருள்ள நிலத்தை வைத்திருந்தவர்களுக்கு அதுவே குடும்பப் பெயராயிற்று. நம் ஊர்களில் நிலத்துக்கு மேடு என்று பெயரிடுவோம், ஆளுக்கு இடுவதில்லை. முதலில் நிற்கும் ககர ஒலி ஆங்கிலப் பேச்சில் தேய்ந்தது, எழுத்தில் மட்டும் மிஞ்சியது. நாமும் தேய்ந்த ஒலியைக் கேட்டே நொக்ஸ் என்கிறோம். அங்கிருந்து பெயர் வட அயர்லாந்துக்குக் குடியேறியது, பிறகு அமெரிக்கா. நொக்ஸ்வில் நகரமும் நொக்ஸ் கோட்டையும் ஹென்றி நொக்ஸ் என்ற படைத்தலைவரின் பெயரால் வந்தவை.

இத்தகைய பரவலை ஆய்வாளர்கள் 1881ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குடிசன மதிப்பீடு போன்ற பதிவுகளை வைத்து வரைபடமாக்குகிறார்கள். தகப்பன் வழியில் வந்த பெயர் மட்டுமே அதில் புள்ளியாகும். எனக்கு அது போதவில்லை; மூதூருக்கு வந்த நொக்ஸின் கதை அந்தப் புள்ளிக்குள் அடங்காது. 

தந்தை நொக்ஸ் 1661இல் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் எலதெத்த என்ற ஊரில் வீடு கட்டி, நெல் கடன் கொடுத்துப் பிழைத்தார், மணம் செய்யவில்லை. கூடச் சிறைப்பட்ட ஒருவருக்கு உள்ளூர்ப் பெண்ணிடம் பிறந்த லூசியா என்ற சிறுமியைத் தன் பிள்ளையாக வளர்த்தார். 1679இல் தோழர் ஸ்டீபன் ரட்லண்டுடன் காட்டுவழியே அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளியானது.

1720இல் சொந்தப் பிள்ளையின்றி இறந்தார். ஆனால் எலதெத்த வீட்டையும் நிலத்தையும் லூசியாவுக்கே என்று கடிதம் எழுதி உரிமையாக்கியிருந்தார்.