ஆனிகட்

ஆனிகட் என்பது ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு, அதன் நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடும் தடுப்பைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஆகும். இது தமிழின் அணைக்கட்டு என்னும் சொல்லிலிருந்து சென்றது. கன்னடத்தில் அணெகட்டு, தெலுங்கில் ஆனகட்ட என இதன் உறவுச் சொற்கள் உள்ளன. சொல்லின் இறுதியில் வரும் 'கட்', கட்டு என்பதன் சிதைவே. வெட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை.

இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வழி தஞ்சாவூர் வழி. 1776-இல் சென்னை ஆட்சிக்குழு, தஞ்சாவூரில் இருந்த கம்பெனிப் படைத் தளபதிக்கு எழுதிய கடிதத்தில் இது காணப்படுகிறது. கரையைப் பழுதுபார்ப்பதைக் காண அரசர் 'ஆனகட்'டுக்குச் செல்லத் தடையில்லை என்பது அதன் செய்தி. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண அலுவல் கடிதம்தான். ஆனால் தன் நாட்டு வயல்களுக்கு நீர் தரும் கரையைப் பார்க்கச் செல்வதற்கு ஒரு அரசர் யாருடைய ஒப்புதலை எதிர்பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் அது காட்டிவிடுகிறது. அதற்கு முன்பே, 1760களில், கரையைப் பழுதுபார்க்கும் உரிமை குறித்துத் தஞ்சை அரசருக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் தகராறு இருந்தது. கரை உடைந்தால் தஞ்சையில் நெல் விளையாது.

காரணம் நில அமைப்பு. திருவரங்கத் தீவைச் சுற்றிப் பிரிந்து செல்லும் இரு கிளைகளில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது; சரிவும் மிகுதி. தடுக்காவிட்டால் காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடும். கரிகாலன் கட்டியதாகக் கூறப்படும் கல்லணை, அந்த நீரைத் தடுத்துக் காவிரி, வெண்ணாறு பக்கம் திருப்புகிறது. நீளம் சுமார் 329 மீட்டர், உயரமோ 5.4 மீட்டர்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொள்ளிடம் மேலும் ஆழமாகி, காவிரி மணல் மேடிட்டது. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் முக்கொம்பில் மேலணையையும், கும்பகோணத்துக்கு வடகிழக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். அரசுப் பதிவுகளில் இவை 'அப்பர் ஆனிகட்', 'லோயர் ஆனிகட்' ஆயின; கல்லணை 'கிராண்ட் ஆனிகட்' ஆனது. பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் (1852), கிருஷ்ணாவில் விசயவாடா (1855) என வேலை விரிய, சொல்லும் உடன் சென்றது. 1886-இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சன், இது இந்தியா முழுவதும் பழகிவிட்ட சொல் என்கிறது. காவிரியைக் கண்டிராத ராசத்தான் கிராமங்களில் இன்றும் ஓடைகளின் குறுக்கே உள்ள சிறு தடுப்பணைகளை 'ஏனிகட்' என்கின்றனர். இலங்கை நீர்ப்பாசனத் துறையிலும் இச்சொல் வழக்கில் உள்ளது.

பொருளில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'டேம்' என்பது பெரும்பாலும் நீரைத் தேக்குவது, ஆனிகட் திருப்பிவிடுவது. 1934-இல் முடிந்த மேட்டூர் அணை முதல் வகை, கல்லணை இரண்டாம் வகை. தமிழில் இரண்டையும் அணைக்கட்டு என்றே சொல்வதால், கல்லணை 'நிரம்பியது' என்று கூடச் சிலர் எழுதிவிடுகின்றனர். நிரம்புவதற்கு அங்கே நீர்த்தேக்கம் இல்லை. கடன் வாங்கிய மொழி பழைய பொருளைக் காத்துவைத்திருக்க, கொடுத்த மொழியில் அது மங்கியிருப்பது வேடிக்கைதான்.

திருப்பும் வேலை தவறினால் என்ன ஆகும் என்பது 2018 ஆகத்து 22 அன்று தெரிந்தது. வெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. சம்பா சாகுபடிக்குப் போக வேண்டிய நீரைக் காவிரிக்குத் திருப்ப மணல் மூட்டைகளை அடுக்க வேண்டியிருந்தது.

மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் அலுவலகக் கோப்புகளில் இன்னும் 'ஜி.ஏ. கால்வாய்' தான், கிராண்ட் ஆனிகட் என்பதன் சுருக்கம் அது. தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்கிறார்கள்.