இடி இடிச்சா காளான் முளைக்குமா? வைக்கோல் பைக்கு நீங்க கொடுக்க வேண்டிய 4 ‘ஷாக்’!

“ராத்திரி இடிச்ச இடிக்கு வரப்போரம் காளான் பூத்திருக்கும், போய்ப் பாரு!” தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டிகள் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. சும்மா கதைன்னு சிரிச்சிட்டு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஜப்பானில் இதைச் சோதிச்சே பார்த்துட்டாங்க.

இவாத்தே பல்கலைக்கழகத்தின் கோயிச்சி தகாகி குழுவினர், ஷிடாகே காளான் வளரும் மரக்கட்டைகளில் செயற்கை மின்னலைப் பாய்ச்சினாங்க. 50,000 முதல் 1,00,000 வோல்ட் வரை. ஆனா, நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம்தான். ஷிடாகே மகசூல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

ஏன் இப்படி?

நாம சாப்பிடுற குடை, காளானோட ‘பழம்’ மாதிரி. உண்மையான காளான், வைக்கோலுக்குள்ள வெள்ளை நூல் மாதிரி ஓடுற பூசண இழைதான். தீனி இருக்கிற வரை அது சொகுசா படர்ந்துகிட்டே இருக்கும். திடீர்னு சூழ்நிலை மாறினா, ‘இனி இங்க தாங்காது’ங்கிற மாதிரி வித்து பரப்பக் குடை விரிக்கும். மின்னலுக்கும் இதே விளக்கத்தைத்தான் ஆய்வாளர்கள் சொல்றாங்க.

உடனே வீட்டில் கரன்ட் வச்சுப் பரிசோதனை பண்ணிடாதீங்க. உயிர் போயிடும். அது தேவையும் இல்லை. நம்ம ஊர் சிப்பிக்காளானுக்குச் செலவில்லாத ஷாக்குகளே போதும்.

முதல்ல பை ரெடியாகணும். வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளா நறுக்கி, ஊறவச்சு, வேகவச்சு, பிழிஞ்சா தண்ணி சொட்டாத அளவுக்கு உலர்த்தி, காளான் வித்தோட அடுக்கடுக்கா பையில் கட்டணும். 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளையாகும். அதுவரை தொந்தரவு பண்ணாதீங்க. அவசரப்பட்டுப் பிரிச்சா பச்சைப் பூஞ்சை புகுந்து, மொத்தப் பையும் குப்பைக்குத்தான்.

1. கீறல்: வெள்ளையானதும் சுத்தமான பிளேடால் பையைக் கீறி விடுங்க. புதுக் காற்று பட்டதும் சில நாளில் ஊசித்தலை மாதிரி மொட்டுகள் எட்டிப் பார்க்கும்.

2. காற்று: மாடி ரூமில் நான் போட்ட முதல் பையில் காளானுக்குக் கால் மட்டும் நீளமா, தலை சட்டைப் பொத்தான் சைஸுக்கு வந்தது. ஜன்னலைத் திறக்காம பொத்திப் பொத்தி வச்சதுதான் தப்பு. கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்தா அப்படித்தான் ஆகும்.

3. வெளிச்சமும் ஈரமும்: நேரடி வெயில் வேண்டாம், பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் போதும். தினமும் இரண்டு வேளை தண்ணியைப் பனி மாதிரி தெளிங்க. ஊத்தினா மொட்டு அழுகிடும்.

4. சுரண்டல்: முதல் அறுவடை முடிஞ்சதும் மேல்பரப்பை லேசா சுரண்டிவிட்டுத் தண்ணி தெளிங்க. அடுத்த சுற்று கிளம்பும். ஒரே பையில் மூன்று அறுவடை வரை எடுக்கலாம்.

வெயில் காலத்தில் என்ன பண்றது?

ஏப்ரல், மே சூட்டில் சிப்பிக்காளான் சுணங்கும். 30 முதல் 35 டிகிரியைத் தாங்குற பால் காளானுக்கு மாறிடுங்க. இதுக்கு ஷாக் வேற மாதிரி. வெள்ளையான பையைக் குறுக்கே இரண்டா வெட்டி, வேகவச்ச தோட்டத்து மண்ணைச் சுமார் 2 செ.மீ. உயரத்துக்கு மேலே பரப்பணும். அந்த மண்ணைத் துளைச்சுக்கிட்டுத்தான் காளான் வெளியே வரும்.

ஆர்வம் இருக்கா? டெல்டாக்காரங்க நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றி விசாரிச்சுப் பாருங்க. முதல் முறை பத்துப் பைக்கு மேல போடாதீங்க. பலர் முதல் பை கெட்டதுமே ‘இது நமக்குச் செட் ஆகாது’ன்னு விட்டுடறாங்க. எப்பவும் வித்து மேலதான் தப்புன்னு இல்லை. ஷாக் கொடுத்த நேரமும் தப்பா இருக்கலாம்.

பாட்டி சொன்ன இடியும் வருஷம் முழுக்கவா இடிக்குது? மழைக்காலத்தில்தானே!