‘காட்’ என்னும் சொல்



மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் திம்பம் மலைப்பாதையை அறியாதார் மிகச் சிலரே. இருப்புப்பாதை சாமராசநகரோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் சத்தியமங்கலம் பக்கத்து உறவினரைக் காண விழைவோர் பேருந்தேறி, 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே இறங்கல் வேண்டும். அதனைக் ‘காட் ரோடு’ என்கிறோம்.

‘காட்’ என்பது மலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்றே நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அச்சொல்லோ நம் நாட்டது. வடமொழியில் ‘கட்டம்’ எனின் ஆற்றில் இறங்கும் படித்துறை. காசித் துறைகள் இன்றும் அப்பெயரையே பூண்டுள்ளன. துறையில் இறங்குவதுபோல் மேட்டு நிலத்தினின்று சமவெளிக்கு இறங்கும் வழிக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. கணவாய்க்கு மேலுள்ள நாடு ‘பாலாகாட்’ எனவும், கீழுள்ளது ‘பாயின்காட்’ எனவும் பெயர் பெற்றன.

கடல்வழி வந்த ஐரோப்பியரோ வழியின் பெயரை மலைத்தொடருக்கே சூட்டிவிட்டனர். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, படித்துறை, கணவாய், மலைத்தொடர் என மூன்று பொருளையும் முறையே தருகின்றது. ஆயின், ஆங்கிலேயர் ‘பால்காட்’ என்றெழுதிய பாலக்காட்டில் உள்ளது நம் ‘காடு’ என்னும் சொல்லே. கணவாய் அருகிருத்தலால் மயக்கம் நேர்தல் இயல்பு.

மைசூரினின்று கொங்கு நாட்டுக்கு இறங்கும் பழைய வழிகளுள் கெஜலட்டிக் கணவாய் ஒன்று. 1790இல் திப்பு சுல்தானின் படை இறங்கியதும் அவ்வழியேதான்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, ஊரிலிருந்து எமக்குத் துயரச் செய்தி வந்தது. வனவிலங்குகளைக் காக்கும்பொருட்டு 2022 முதல் திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடையுண்டு. யானையும் புலியும் உலவும் காட்டில் அது நியாயமே. எனினும், சோதனைச் சாவடியில் விடியுமட்டும் காத்திருந்த எமக்கு அம்மலை பெருமதிலாகவே தோன்றிற்று. காலையில் வண்டி இறங்கத் தொடங்கியபோதுதான் சொல்லின் பொருள் எம் நெஞ்சில் தைத்தது. முன்னோர் பெயரிட்டது தடுக்கும் மலைக்கன்று. அதனூடே செல்லும் வழிக்கு.

இரு பக்கமும் உறவுடைய நமக்கு இது மறக்கத்தக்கதன்று. விடுமுறையில் பிள்ளைகளுடன் அவ்வழி செல்வோர், முதல் வளைவிலேயே இச்சொல்லின் வரலாற்றை அவர்க்கு எடுத்துரைப்பாராக.