ஒற்றைக்காலில் நிற்கும் கம்பி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென்பாண்டிச் சீமைக்காரர்கள் மறப்பார்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் எண்ணூறு பிரயாணிகளோடு ரயில் நின்றுவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் பல இடங்களில் போன் ஊமையாயிற்று. அங்கே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, இங்கே சங்கரன்கோவிலில் அவள் குரல் கேட்காமல் தவித்த தாய்மார் எத்தனை பேரோ!

போன் கோபுரத்தின் தயவில்லாமல் பேசும் கருவி ஒன்று உண்டு, சகோதரிகளே. அதுதான் 'ஹாம் ரேடியோ'. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணிதான் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். அத்தகைய கருவியைக் காரிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும், அதன் குரல் கூரைமேல் ஒற்றைக்காலில் நிற்கும் ஏரியல் கம்பியில்தான் இருக்கிறது!

அந்தக் கம்பி எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்? 28 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவான கம்பி வேண்டும். அவ்வளவு உயரத்தைக் கார் தாங்குமா? அதனால்தான் கம்பியைக் குட்டையாக்கி, ஈடு செய்ய ஒரு கம்பிச் சுருளைச் சேர்க்கிறார்கள்.

வீணைத் தந்தியைப் போல இதற்கும் சுருதி கூட்டவேண்டும். 'எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்' என்ற சிறு கருவியைக் கருவிக்கும் ஏரியலுக்கும் நடுவே இணையுங்கள். காரை மரமோ சுவரோ இல்லாத வெட்டவெளியில் நிறுத்திக் கதவுகளைச் சாத்துங்கள். அனுமதிக்கப்பட்ட அலைவரிசையின் கீழ்முனையிலும் மேல்முனையிலும் அளந்து பாருங்கள். மேல்முனையில் எண் அதிகமானால் கம்பி நீளம். சில மில்லிமீட்டர் குறையுங்கள். கீழ்முனையில் அதிகமானால் குட்டை, சற்றே நீட்டுங்கள். ஒன்றரைக்குள் வந்தால் நிம்மதி. மூன்றைத் தாண்டினால் பேசாதீர்கள். அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வந்து கருவியையே கெடுத்துவிடும். ஏரியலைக் கழற்றிவிட்டுப் பேசுவதும் அப்படித்தான்.

என்ன செய்தும் எண் இறங்கவில்லையா? அடியைப் பாருங்கள். காரின் இரும்பு உடலும் ஏரியலில் பாதி! தாங்கியைத் திருகிப் பொருத்தும் இடத்தில் பெயிண்டோ துருவோ குறுக்கே நின்றால் சுருதி சேராது. அந்த இடத்தை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கவேண்டும்.

இனிப் பாதுகாப்பு. சாலையோரப் புளியங்கிளை கம்பியை முறிக்காமலிருக்க, அடியில் ஸ்பிரிங் இருக்கட்டும். வீதிகளில் தாழத் தொங்கும் மின்கம்பியைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஏரியலைக் கழற்றுங்கள். அலட்சியம் உயிருக்கே ஆபத்து. கேபிளைக் கதவிடுக்கில் நசுக்காதீர்கள். உள்ளே நுழையுமுன் அதைக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்புகளில் நீர் புகாத டேப் சுற்றுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் உப்புக் காற்றின் பிசுக்கை ஈரத்துணியால் துடையுங்கள். பேசும்போது குழந்தைகள் கம்பியைத் தொடக்கூடாது, சுட்டுவிடும். இடி இடித்தால் பேச்சை நிறுத்துங்கள்.

"லைசென்ஸ் வேண்டாமா?" என்கிறீர்களா? 27 மெகாஹெர்ட்ஸ் அருகே பொதுமக்களுக்கென்று உள்ள அலைவரிசையில், உள்ளமைந்த ஏரியலுடன் 5 வாட்டுக்கு மிகாத கருவிகளுக்கு மட்டும் 2005-ல் அரசு விலக்கு அளித்தது. கூரைமேல் தனிக் கம்பி நட்டு ஹாம் ரேடியோ பேச, மத்திய அரசின் பரீட்சை எழுதி லைசென்ஸ் பெறவேண்டும். வண்டியிலிருந்து பேசுவதற்கான விதிகளையும் அப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பரீட்சை என்றதும் பயப்படவேண்டாம். குக்கரின் ரப்பர் வளையத்தையும் மிக்ஸியின் பிளேடையும் பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்கு இந்தக் கம்பி ஒரு பொருட்டா? ஐப்பசி அடைமழைக்கு முன்பே அதைத் துடைத்து, இறுக்கி, ஒருமுறை அளந்து வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு மீட்டரைத் தேட நேரம் இருக்காது!