வெள்ளை உறைக்குள் துருவேறும் உயிர்க்கம்பி

மணலியில் லைஃப்லைன் என்று சொன்னால் யாருக்கும் படகு நினைவுக்கு வராது. 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர, ரசாயனத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. உயரத்தில் வேலை பார்ப்பவர் தன் பாதுகாப்புப் பட்டையின் கொக்கியை மாட்டும் கம்பிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பக்கம் போனால் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. கேபின் வைத்த பாய்மரப் படகின் விளிம்பைச் சுற்றி, சிறு குத்துக்கால்களின் வழியே ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் ஓடும் கம்பி அது. படகு சாயும்போது கால் வழுக்கினால், ஆளுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது அந்தக் கம்பிதான்.

பழைய படகுகள் பலவற்றில் இதற்கு வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். கண்ணுக்கு அழகு, கைக்கு இதம். வம்பும் அங்கேதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். அதைக் காப்பது மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம். கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் படலம் தானே மூடிக்கொள்ளும். உறையின் வெடிப்பு வழியே இறங்கும் உப்புத்தண்ணீரோ உள்ளேயே தங்கிவிடுகிறது. காற்றும் புக வழியில்லை. படலம் அழிய, உப்பின் குளோரைடு கம்பியை ஓசையில்லாமல் அரிக்கிறது. வெளியே தெரிவதெல்லாம் முனையில் வடியும் ஒரு காப்பிக்கறை. துணியால் துடைத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

கடல் பந்தயங்களுக்கான வேர்ல்ட் செய்லிங் அமைப்பின் பாதுகாப்பு விதிகள், எஃகு லைஃப்லைனில் ஒட்டிய பூச்சோ இறுக்கமான உறையோ கூடாது என்கின்றன. 8.5 மீட்டருக்கும் குறைந்த படகுக்குக் கம்பி 3 மி.மீ., அதற்கு மேல் 13 மீட்டர் வரை 4 மி.மீ. தடிமனாவது வேண்டும். உல்லாசத்துக்கு ஓட்டுபவரை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள இவற்றைவிட நல்லது வேறில்லை.

சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பஞ்சையோ மெல்லிய துணியையோ கம்பியோடு ஓட்டிப் பார்த்தால், அறுந்த இழை இருக்கும் இடத்தில் அது சிக்கும். வெறுங்கையால் தடவினால் மீன்முள் மாதிரி ஏறிவிடும். முனைக் குழாய்க்குள் கம்பி நுழையும் இடமும் குத்துக்கால் துளைகளும்தான் முதலில் கெடும் இடங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் முழு நீளத்தையும் மாற்றிவிட வேண்டியதுதான். ஒட்டுப்போடும் வேலை இங்கே ஆகாது. கம்பி புதிதாக இருந்தும் குத்துக்காலின் அடிப் போல்ட் ஆடினால் பயனில்லை.

மாற்றும்போது ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, பழையதையே அளவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. இறுக்கும் டர்ன்பக்கிளைப் பெரும்பாலும் திறந்து வைத்தே அளக்க வேண்டும். புதுக்கம்பி கொஞ்சம் நீளும். பிறகு முறுக்க இடம் வேண்டாமா? முனையைச் செயற்கை இழைக் கயிற்றால் கட்டுவதானால் இடைவெளி 10 செ.மீ. தாண்டக்கூடாது, கயிற்றையும் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

மணலிப் பழக்கத்தில் படகேறுபவர் ஒன்றை மறக்க வேண்டும். இடுப்புக் கொக்கியை இந்தக் கம்பியில் மாட்டக்கூடாது. அதற்கென்று தளத்தின் மேல் நீளவாக்கில் கட்டும் ஜாக்லைன் பட்டை தனியாக உண்டு.

இனி கடைக்காரர் பக்கம். கடலுக்கு ஏற்றது மாலிப்டினம் கலந்த 316 ரகம். 304 ரகமும் பார்க்க அதே மாதிரி மின்னும், காந்தத்தால் பிரித்தறியவும் முடியாது. 316 என்று சொல்லி 304-ஐத் தலையில் கட்டினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வழக்குப் போடலாம். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாகப் படகோட்டும் மீனவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். பொருளின் குறையைச் சோதித்தால்தான் தெரியும் என்றால் ஆணையமே மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். ஆகவே அறுந்த கம்பியைக் காயலாங்கடைக்குப் போடும் முன் முனையோடு ஒரு முழம் வெட்டி, தேதி எழுதி வைக்க வேண்டும்.

காசிமேட்டு ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இந்தக் கம்பியே இருக்காது. அங்கே தவறி விழுவோருக்கு லைஃப் ஜாக்கெட்தான் துணை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தாலோ நிரந்தரமாக முழுமையாக முடங்கினாலோ 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554, வி.எச்.எஃப். வானொலியில் சேனல் 16.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலம் அது. பாய்மரப் படகுக்காரரும் அந்த வாரங்களில் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்துவிடலாம். புதிது வாங்கினால் பில்லில் ‘316, 4 மி.மீ., 1×19 முறுக்கு, உறை இல்லாதது’ என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். வெறுமனே ‘ஸ்டீல் வயர்’ என்று எழுதிய பில்லை வைத்து ஆணையத்தின் முன் வாதாடுவது பெரும்பாடு.