அன்றாடக் கருவிகள் – 14: அடிபடும் கைக்கு ஒரு வாட்ச்

சாலை போடும் தொழிலாளர்கள் கையில் வாட்ச் கட்டாமலே வேலை செய்வதை காசியோ பொறியாளர் கிகுவோ இபே கவனித்திருந்தார். கட்டினால் உடைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். கீழே விழுந்தாலும் உடையாத வாட்ச் வேண்டும் என்று 1981-இல் ஒரே வரியில் திட்டம் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து மாதிரிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய 200 மாதிரிகள் போயின. பூங்காவில் ஒரு சிறுமி தட்டிய பந்துதான் வழிகாட்டியது: இயந்திரம் உறையோடு ஒட்டாமல், சில புள்ளிகள் மட்டும் தாங்க, உள்ளே மிதக்க வேண்டும். 1983 ஏப்ரலில் முதல் ஜி-ஷாக் வெளிவந்தது.

கொத்து வேலை, வயல், லாரி, பட்டறை என்று கை ஓயாதவர்கள் ஜி-ஷாக்குக்கு ஆகும் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். எடை குறைந்த வாட்ச் விழும்போது வாங்கும் அடியும் குறைவு. காசியோ எஃப்-91டபிள்யூ வெறும் 21 கிராம். டிஜிட்டலில் முள் இல்லை, பல்சக்கரம் இல்லை; அதிர்ந்து கழன்றுபோக உள்ளே அதிகம் எதுவும் கிடையாது. கனமான ஸ்டீல் வாட்ச்தான் உறுதியானது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்மூடியைத் திருப்பிப் படியுங்கள். ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் மழைக்கும் கை கழுவுவதற்கும் சரி, அவ்வளவுதான். 30 மீட்டர் என்றிருந்தாலும் அதோடு முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று அர்த்தமில்லை. அது அசையாத நீரின் அழுத்தக் கணக்கு. கிணற்றில் குதிப்பவர், மீன்பிடிப்பவர், தினமும் நீரில் நிற்பவர் 10 பார், அதாவது 100 மீட்டர் என்று பொறித்ததைத்தான் வாங்க வேண்டும். காசியோவின் டபிள்யூ-800ஹெச் அந்த ரகம். செல் பத்து ஆண்டு வரும். நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

நீரைத் தடுப்பது மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம். செல் மாற்றும்போது அது முறுக்கிக்கொண்டாலோ கிழிந்தாலோ 100 மீட்டர் வாட்சும் தூறலுக்குத் தாங்காது. வளையத்தையும் பார்த்து, தேவையானால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்திலேயே நின்று கவனியுங்கள்.

கண்ணாடியில் கீறல் விழுமே என்று கவலை வேண்டாம். அக்ரிலிக் பிளாஸ்டிக் கண்ணாடி கீறும், ஆனால் சில்லுச் சில்லாகத் தெறிக்காது. லேசான கீறலை பற்பசை வைத்துத் தேய்த்தே போக்கிவிடலாம்.

பல நேரங்களில் வாட்ச் தொலைவது ஸ்டிராப் பின் தெறிப்பதால்தான். சாதாரண அளவு ஸ்டிராப் பொருந்தும் மாடலாக இருந்தால், இரண்டு பின்னுக்கும் அடியில் ஒரே துண்டாக ஓடும் நைலான் பட்டையை மாட்டுங்கள். ஒரு பின் போனாலும் மறு பின்னில் வாட்ச் கையிலேயே தொங்கும்.