உங்களுக்குத் தெரியுமா? சாரணியர் சீருடையிலிருந்து சட்டமன்றத்துக்கு

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 13 வயதுச் சிறுமிக்கும் நீதிபதியின் அனுமதியோடு திருமணம் செய்து வைக்கலாம் என்ற சட்டம் 2018 வரை இருந்தது. பாரிங்டன் என்ற சிற்றூரில் பள்ளி மாணவியாக இருந்த கஸாண்ட்ரா லெவெஸ்க் இதை அறிந்து அதிர்ந்தார். சாரணியர் இயக்கத்தின் உயரிய விருதுக்கான பணியாக, இதை மாற்றுவதையே எடுத்துக்கொண்டார். வீடு வீடாக வாக்குக் கேட்டு அல்ல, சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்லித்தான் அவரது பொதுவாழ்வு தொடங்கியது.

2017இல் திருமண வயதை உயர்த்தும் மசோதா தோற்றது. அவர் விடவில்லை, 2018இல் குறைந்தபட்ச வயதை 16 ஆக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில், 19 வயதில், அவரே மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 400 பேர் கொண்ட அந்தச் சபைதான் அமெரிக்க மாநிலச் சபைகளிலேயே பெரியது. உறுப்பினருக்குச் சம்பளம் ஆண்டுக்கு வெறும் 100 டாலர், கூடவே பயணப்படி. 1889இல் அரசமைப்பில் எழுதிய தொகை இன்றும் அப்படியே! பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே மக்கள் பணி செய்கிறார்கள்; பாராட்டத்தக்க உழைப்பு இது.

லெவெஸ்க் உறுப்பினராக இருந்தபோதே, 2024இல், அம்மாநிலத்தில் திருமண வயதை 18 ஆக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது.